மறுபடி இற்றுப்போன டிரான்சம்: 17 அடி ஃபைபர் படகு ஒன்றின் உள்மரத்தை மாற்றிய நிகழ்வு ஆய்வு

பழைய ஃபைபர் படகில் ஃபைபர் கெடுவது அபூர்வம். அதற்குள் பொதிந்து கிடக்கும் மரம்தான் கெடும். இங்கே எடுத்துக்கொண்ட படகு 1980களின் தொடக்கத்தில் வார்த்தது. நீளம் 17 அடி, அகலம் 2.1 மீட்டர், ‘வி’ வடிவ அடிப்பாகம், பின்னால் வெளிப்புறமாகத் தொங்கும் 75 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின். உள்ளே மூன்று இடங்களில் மரம்: எஞ்சினைத் தாங்கும் பின்பலகையான டிரான்சம், அடிப்பாகத்தில் நீளவாக்கில் ஓடும் இரண்டு ஸ்ட்ரிங்கர்கள், அவற்றின்மேல் படுக்கும் தளம். தளத்துக்கு அடியில் மிதவைக்காக ஊற்றிய பாலியூரித்தேன் ஃபோம்.

இந்தப் படகை ஆய்வுக்கு எடுக்கக் காரணம் ஒன்று உண்டு. இதன் டிரான்சம் ஏற்கெனவே ஒருமுறை, ஒன்பது ஆண்டுகளுக்கு முன், மாற்றப்பட்டது. புதிய பிளைவுட், புதிய ஃபைபர், கை சுத்தமான வேலை. இருந்தும் மறுபடி இற்றுவிட்டது. மரத்தை மாற்றுவது எப்படி என்பதைவிட, மாற்றிய மரம் ஏன் நிலைக்கவில்லை என்பதே இங்கே பெரிய கேள்வி.

கண்டுபிடித்த விதம்

முதல் அறிகுறி எஞ்சினிடம் தெரிந்தது. எஞ்சினைப் பாதி தூக்கிய நிலையில் நிறுத்தி, கீழ்முனையை இரு கையாலும் அழுத்திவிட்டால் டிரான்சத்தின் மேல்விளிம்பு அசையவே கூடாது. இதில் கண்ணுக்குத் தெரியும்படி 5 மி.மீ. அளவுக்கு முன்பின் போய்வந்தது. அடுத்து, பிளாஸ்டிக் பிடியுள்ள ஸ்க்ரூடிரைவரைத் திருப்பிப் பிடித்து ஒரு சாண் இடைவெளியில் தட்டிப் பார்க்கப்பட்டது. நல்ல இடம் ‘டங்’கென்று கணீரென ஒலிக்கும், இற்ற இடம் ‘தொப்’பென்று அடங்கும். ஒலி மாறும் எல்லையை மார்க்கரால் கோடிட்டுக்கொண்டே போனதில், கோடு நேராக எஞ்சின் போல்ட்டுகளைச் சுற்றியும் வடிகால் துளையைச் சுற்றியும் வளைந்தது.

தட்டல் சோதனையை மட்டும் நம்பக்கூடாது. உட்புறத்திலிருந்து 3 மி.மீ. டிரில் பிட்டால், வெளிப்புற ஃபைபர் தோலைத் துளைக்காதபடி பிட்டில் டேப் சுற்றி ஆழம் குறித்துக்கொண்டு, பத்துப் பன்னிரண்டு துளைகள் போட வேண்டும். வெளியே வரும் துகள் வெளிர்நிறமாக, சுருள்சுருளாக, உலர்ந்து வந்தால் மரம் நலம். இதில் பாதித் துளைகளிலிருந்து காப்பிநிறக் களிம்பு பிட்டின் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. கீழ்வரிசைத் துளை ஒன்றிலிருந்து பிட்டை எடுத்ததும் தண்ணீர் சொட்டத் தொடங்கி, ஒருமணி நேரம் நிற்கவில்லை. ஸ்ட்ரிங்கர்களில் இதே சோதனை செய்ததில் பின்பக்க இரண்டு மீட்டர் முழுவதும் போயிருந்தது. படகின் முன்முனையான அணியத்தை ஒட்டிய பகுதி நன்றாகவே இருந்தது. தண்ணீர் பின்னால்தான் தேங்கும் என்பதால் இது எதிர்பார்த்ததே. ஆனாலும் பாதியை வைத்துக்கொண்டு பாதியை ஒட்டுவதைவிட முழுநீளத்தையும் மாற்றுவதே சரி. ஒட்டு விழும் இடம் சுமை அதிகம் வரும் நடுப்பகுதியாக அமைந்துவிடும்.

இற்ற மரத்துக்குள் நீர்த்த எபாக்ஸி ரெசினை (ஹார்ட்னர் கலந்ததும் இறுகும் பிசின்) ஊசியால் செலுத்திக் கெட்டிப்படுத்தலாம் என்ற யோசனை அடிக்கடி வரும். ஈரம் நிறைந்த மரத்துக்குள் அது ஊடுருவாது. ஊடுருவிய இடத்திலும் இழந்த வலு திரும்பாது. டிரான்சத்துக்கு இது சிகிச்சையே அல்ல.

பிரித்தபோது தெரிந்த காரணம்

மரத்தை அரிக்கும் பூஞ்சைக்கு மரத்தின் ஈரப்பதம் சுமார் 20 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும், காற்றும் வேண்டும். ஃபைபருக்குள் மூடிய மரத்தில் ஒரு சிறு துளை வழியே நுழைந்த நீர் வெளியேற வழியில்லாமல் அந்த ஈரப்பதத்தை ஆண்டுக்கணக்கில் பிடித்துவைக்கிறது. கடல்நீரைவிட மழைநீர் இதில் மோசம். உப்பு பூஞ்சையைக் கொஞ்சமாவது தடுக்கும். கரையில் மூடாமல் நிறுத்திய படகுகள் அதிகம் இற்றுப்போவது அதனால்தான்.

இந்த டிரான்சத்தின் உள்தோலை வெட்டி எடுத்ததும் பிளைவுட்டின் முகம் ஒரு வரைபடம்போலக் கதையைச் சொல்லிவிட்டது. நீரின் ஆழம் காட்டும் எதிரொலிமானியின் சென்சாரைப் பிடிக்க நான்கு ஸ்க்ரூக்கள் நேராக மரத்துக்குள் முடுக்கப்பட்டிருந்தன. அந்த நான்கு துளைகளிலிருந்தும் கருமை விசிறிபோல மேல்நோக்கி விரிந்து, ஒன்றோடொன்று சேர்ந்து, எஞ்சினின் கீழ்ப் போல்ட்டுகள்வரை ஏறியிருந்தது. இரண்டாவது ஊற்று வடிகால் துளை: பித்தளைக் குழாயை நீக்கிப் பார்த்தால் சுற்றியிருந்த மரம் வெறும் மரமாகவே இருந்தது, ரெசின் ஒரு துளிகூட இல்லை. மூன்றாவது, அலுமினியப் பட்டைக்கு அடியில் இருந்த மேல்விளிம்பு. அங்கே பிளைவுட்டின் வெட்டுமுனை சிலிகானால் மட்டும் பூசப்பட்டு, சிலிகான் உரிந்து நின்றது. இந்த மூன்று இடங்களிலிருந்தும் விலகியிருந்த மூலைகளில் அதே ஒன்பது வயது பிளைவுட் பொன்னிறமாக, உளி இறங்காத உறுதியோடு இருந்தது. பலகையிலோ ரெசினிலோ பழுதில்லை. துளைகளும் வெட்டுமுனைகளும் திறந்து கிடந்ததே பழுது.

முதலில் உடலைத் தாங்கு

ஸ்ட்ரிங்கர்களை எடுத்த ஃபைபர் உடல் வெறும் ஓடு. டிரெய்லரின் இரண்டு உருளைகள்மேல் அதை வைத்துவிட்டு வேலை செய்தால் அடிப்பாகம் அந்த உருளைகளுக்கு ஏற்ப வளையும். அந்த வளைவிலேயே புதிய ஸ்ட்ரிங்கரை ஒட்டிவிட்டால் வளைவு நிரந்தரம். பின்பகுதியின் அடி உட்குழிந்தால் ஓட்டத்தில் அணியம் தாழும், வேகம் குறையும். வெளிப்புறம் புடைத்தால் படகு குதித்துக் குதித்து ஓடும். பிறகு எஞ்சினை எந்தக் கோணத்தில் வைத்தாலும் இது முழுதாகச் சரியாகாது.

ஆகவே எதையும் வெட்டுவதற்கு முன், 60 செ.மீ.க்கு ஒன்றாக, அடிப்பாகத்தின் வடிவத்துக்கு வெட்டிய பலகைத் தாங்கிகள் வைக்கப்பட்டன. இருபக்க விளிம்புகளும் விரியாமல் இருக்க மூன்று குறுக்குச் சட்டங்கள் இறுக்கப்பட்டன. அணியத்திலிருந்து டிரான்சம்வரை நடுவே ஒரு நூல் கட்டி, 30 செ.மீ. இடைவெளியில் நூலிலிருந்து பழைய தளத்துக்கும், பிறகு பழைய ஸ்ட்ரிங்கரின் தலைக்கும் உள்ள அளவுகள் குறிக்கப்பட்டன. இந்த அளவுத்தாள் இல்லாவிட்டால் புதிய தளம் எந்த உயரத்தில் உட்கார வேண்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. டிரான்சத்தின் சாய்வுக்கோணமும், எஞ்சின் உட்காரும் மேல்விளிம்பின் உயரமும் அப்போதே பதிவாயின. நீளத் தண்டு எஞ்சினுக்கு 20 அங்குலம் என்பது வழக்கமான அளவு. புதுப்பலகை வெட்டும்போது இதில் பிசகினால் புரொப்பெல்லர் காற்றை இழுக்கும்.

பிரித்தல்

தளத்தை வட்டரம்பத்தால், ஆழத்தை 14 மி.மீ.க்கு வைத்து, ஓரத்தில் 6 செ.மீ. விளிம்பு விட்டு அறுத்து எடுத்தார்கள். அந்த விளிம்பு புதுத்தளத்துக்கு உயரம் காட்டும் அடையாளம். பிறகு அதையும் தேய்த்து எடுக்க வேண்டும். அடியில் இருந்த ஃபோம் மண்வெட்டியில் பாளம்பாளமாக வந்தது. சுமார் 300 லிட்டர் ஃபோம், உலர்ந்திருந்தால் 10 கிலோதான் இருக்க வேண்டும். மூட்டைகளை எடைபோட்டதில் 110 கிலோ. அதாவது இந்தப் படகு எப்போதும் நூறு லிட்டர் நீரைச் சுமந்தபடியே ஓடியிருக்கிறது.

டிரான்சத்தின் பிளைவுட்டை உளியும் சுத்தியலும்கொண்டு அடுக்கடுக்காகப் பெயர்க்க வேண்டும். வெளித்தோல் 5 மி.மீ.தான். நல்ல மரம் ஒட்டியிருக்கும் மூலைகளில் நெம்பினால் தோல் கிழியும். அங்கே கிரைண்டரால் மரத்தைக் கட்டம்கட்டமாக வெட்டிவிட்டுப் பிறகு உளி வைப்பது நல்லது. கடைசியாக 36 எண் உப்புத்தாளால் பழைய ஃபைபர் பளபளப்பு போய், மங்கலான வெள்ளையாகும்வரை எல்லா ஒட்டுமிடமும் தேய்க்கப்பட்டது. இந்தத் தூசி நுரையீரலுக்கும் தோலுக்கும் கெடுதல். துணிமுகமூடி போதாது, வடிப்பான் பொருத்திய மூச்சுக்கவசம், மூடிய கண்ணாடி, முழு உடை மூன்றும் தேவை. தேய்த்த பரப்பை உறிஞ்சியால் சுத்தம் செய்து, அசிட்டோனில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். தேய்ப்பதற்கு முன்னும் ஒருமுறை துடைக்க வேண்டும், இல்லையென்றால் மெழுகும் எண்ணெயும் தாளோடு சேர்ந்து உள்ளே தேய்ந்துவிடும்.

பொருள்கள்

படகை வார்த்த பழைய பாலியெஸ்டர் ரெசின்மேல் புதிதாக ஒட்டுவதற்கு எபாக்ஸியே தேர்வானது. இறுகிய ஃபைபரையும் மரத்தையும் அது பாலியெஸ்டரைவிட உறுதியாகப் பற்றும். ஆனால் எபாக்ஸிமேல் பாலியெஸ்டரோ, ஃபைபரின் பளபளப்பான மேற்பூச்சான ஜெல்கோட்டோ சரியாகப் பிடிக்காது. எனவே உட்புறத்துக்கு இரண்டு பாகப் பாலியூரித்தேன் பெயின்ட் என்று முதலிலேயே முடிவாயிற்று. இன்னொரு கவனம்: சாதாரண நறுக்கிழை மேட்டில் (நறுக்கிய கண்ணாடியிழை விரிப்பு) இழைகளைச் சேர்த்துவைக்கும் பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். எபாக்ஸியில் அது விறைப்பாகவே நிற்கும், மூலையில் மடங்காது. இங்கே பயன்பட்டது 1708 எனப்படும் தையல் கண்ணாடித்துணி: 45 பாகை குறுக்கிழைகள் இரண்டும், பின்புறம் தைத்த மெல்லிய மேட்டும் சேர்ந்தது. இதில் அந்தப் பசை கிடையாது.

கணக்கு இப்படி: 18 மி.மீ. மரைன் பிளைவுட் ஒரு தாள் (டிரான்சத்தின் இரண்டு அடுக்குகளும் அதிலேயே அடங்கின), 12 மி.மீ. தாள் நான்கு, 1708 துணி 20 சதுர மீட்டர், 300 கிராம் நெசவுத்துணி 5 சதுர மீட்டர், எபாக்ஸி ஹார்ட்னரோடு சேர்த்து 30 கிலோ. அதில் துணி நனைக்க மட்டும் சுமார் 18 கிலோ போகும். கையால் இடும்போது துணியின் எடைக்குச் சமமான ரெசின் என்று வைத்துக்கொண்டால் கணக்கு பொருந்தும். பிளைவுட்டுக்கு பி.எஸ். 1088 தரம், உள்ளடுக்குகளில் இடைவெளி இல்லாதது. மருந்து ஏற்றிய கட்டுமானப் பிளைவுட் வேண்டாம். பெரும்பாலும் ஈரத்தோடு வரும், அந்த ஈரம் ஒட்டைக் கெடுக்கும்.

டிரான்சம்

படகின் மேல்மூடியைக் கழற்றாமல், டிரான்சத்துக்கு முன்னால் உள்ள பள்ளமான எஞ்சின் தொட்டியை மட்டும் அறுத்து வழி செய்ததால், 36 மி.மீ. பலகை ஒரே துண்டாக உள்ளே இறங்காது. அதனால் இரண்டு 18 மி.மீ. அடுக்குகள் ஒவ்வொன்றாக இறக்கி, உள்ளேயே ஒட்டப்பட்டன. முதலில் அட்டையில் மாதிரி வெட்டி, அடிப்பாகத்தையும் பக்கங்களையும் தொடாமல் 6 மி.மீ. இடைவெளி விட்டுப் பலகை வெட்டப்பட்டது. பலகை நேராக ஓட்டில் முட்டிக்கொண்டிருந்தால் அந்தக் கோட்டில் வெளியே மேடு தெரியும், பின்னால் விரிசலும் விடும்.

வெட்டிய பலகையின் முகங்களுக்கு ஒரு பூச்சும், வெட்டுமுனைகளுக்கு மூன்று பூச்சும் வெறும் எபாக்ஸி. வெட்டுமுனை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பளபளப்பு நிற்கும்வரை பூச வேண்டும். இதை வெயில் இறங்கும் நேரத்தில் செய்வது நல்லது. சூடேறும் மரம் உள்ளிருக்கும் காற்றை வெளியே தள்ளிப் பூச்சில் ஊசிக்குமிழி விடும். குளிரும் மரம் ரெசினை உள்ளே இழுக்கும்.

வெளித்தோல் தளதளவென்று ஆடும் நிலையில் இருந்ததால், வெளியே மூன்று நேர்ச்சட்டங்களைக் குறுக்காக வைத்து, இடையில் பாலிதீன் தாள் விரித்து இறுக்கினார்கள். தோலின்மேல் சிலிக்கா கலந்து பற்பசைப் பதத்துக்குக் கெட்டியாக்கிய எபாக்ஸி, 3 மி.மீ. பல் கரண்டியால் வரிவரியாக இழுக்கப்பட்டது. முதல் பலகையில் 20 செ.மீ. இடைவெளியில் 3 மி.மீ. துளைகள் முன்பே போட்டிருந்தது. பலகையை அழுத்தும்போது அடியில் சிக்கிய காற்று அவை வழியே வெளியேறும். ஒவ்வொரு துளையிலும் பசை தலைகாட்டினால் அடியில் வெற்றிடம் இல்லை என்று பொருள். நான்கு துளைகளில் பசை வரவில்லை. பலகையை உடனே எடுத்து, அந்த மூலையில் பசை கூட்டி, மறுபடி வைத்தார்கள். இறுகிய பிறகு தெரிந்திருந்தால் வெட்டி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கிளாம்ப்பை முழுவலுவோடு முறுக்கக்கூடாது. பசை முழுதும் பிதுங்கி வெளியேறி, ஒட்டு பட்டினி கிடக்கும். விளிம்பு நெடுக ஒரே சீராகப் பசைமணி தெரிந்ததும் நிறுத்த வேண்டும். மறுநாள் இரண்டாம் அடுக்கும் இதேபோல் ஒட்டப்பட்டது. இழுத்துப் பிடிக்க மெழுகு தடவிய தற்காலிக ஸ்க்ரூக்கள் போடப்பட்டன. இறுகியதும் அவற்றைக் கழற்றித் துளைகளை அடைத்தார்கள்.

பலகைக்கும் ஓட்டுக்கும் இடையிலான 6 மி.மீ. இடைவெளி கெட்டி எபாக்ஸியால் நிரப்பப்பட்டு, உள்மூலை முழுவதும் 25 மி.மீ. ஆரத்தில் வளைவாக வழிக்கப்பட்டது. கண்ணாடித்துணி கூர்மூலையில் படியாது. படியாத இடத்தில் காற்று, காற்று இருக்கும் இடத்தில் பிரிவு. அந்த வளைவு விரல் பட்டால் ஒட்டும் நிலையில் இருக்கும்போதே மூன்று அடுக்கு 1708 இடப்பட்டது. உடலின் பக்கங்கள்மேல் முதல் அடுக்கு 75, அடுத்தது 125, கடைசி 175 மி.மீ. ஏறும். முடிவில் மொத்தத் தடிமன் 46 மி.மீ.

ஸ்ட்ரிங்கர்

ஒவ்வொன்றும் 4.2 மீட்டர்; தாளின் நீளமோ 2.44. எனவே இரண்டு 12 மி.மீ. அடுக்குகள்: ஒன்றில் நீளத்துண்டு முன்னால், மற்றதில் பின்னால். இணைப்புகள் 68 செ.மீ. விலகி விழும்படி ஒட்டப்பட்டன. மேல்விளிம்பு இரண்டும் 10 மி.மீ. ஆரத்துக்கு உருட்டப்பட்டது.

ஓட்டின்மேல் ஸ்ட்ரிங்கர் நேராக உட்காரவில்லை, 6 மி.மீ. கெட்டிப்பசைப் படுக்கைமேல், நூலளவுக்குச் சரிபார்த்து நிறுத்தப்பட்டது. இரு அடுக்கு 1708 ஓட்டிலிருந்து ஏறி, தலையைச் சுற்றி, மறுபுறம் இறங்கியது. ஓட்டின்மேல் முதலாவது 100, இரண்டாவது 150 மி.மீ. பின்முனைகள் டிரான்சத்தோடு முக்கோணத் தாங்கிகளால் கட்டப்பட்டன. எஞ்சினின் உந்துவிசை டிரான்சத்தில் நிற்காமல் ஸ்ட்ரிங்கர் வழியே உடல் முழுதும் பரவ வேண்டும். இந்தத் தாங்கிகளைத் தவிர்த்தால் எவ்வளவு கெட்டியான டிரான்சமும் அடிவிளிம்பில் விரிசல் விடும்.

இங்கே இரண்டு தவறுகள் நேர்ந்தன. ஒரு குவளையில் 800 கிராம் எபாக்ஸி ஒரேயடியாகக் கலக்கப்பட்டது. ஆழமான குவளையில் வெப்பம் வெளியேற வழியில்லாமல் பத்து நிமிடத்தில் புகைந்து கட்டியாகிவிட்டது. அதன்பின் 300 கிராமுக்கு மேல் கலக்கவில்லை, கலந்ததும் அகலத்தட்டில் ஊற்றிக்கொண்டார்கள். வேகத்தை மாற்ற ஹார்ட்னரின் அளவைக் கூட்டுவதோ குறைப்பதோ எபாக்ஸியில் செய்யவே கூடாது. மெதுவான ஹார்ட்னரை வாங்க வேண்டும். இரண்டாவது, வலப்புற ஸ்ட்ரிங்கரின் அடியில் இரண்டு கையகலத்துக்குத் துணி வெண்மையாக, நனையாமல் நின்றது. அதைத் தேய்த்து நீக்கி, ஓரங்களைத் தடிமனைப்போல் பன்னிரண்டு மடங்கு நீளத்துக்குச் சரித்து, புதிதாக இட வேண்டியதாயிற்று. ஒரு வாரம் கழித்து அடுத்த அடுக்கு போடுவதானால், இறுகிய எபாக்ஸியின் மேலே படரும் மெழுகுபோன்ற படலத்தை முதலில் தண்ணீராலும் தேய்ப்புப்பஞ்சாலும் கழுவிவிட்டுத்தான் தாள் போட வேண்டும்.

தளமும் ஃபோமும்

தளப்பலகைகள் இருபுறமும் பூசப்பட்டு, ஸ்ட்ரிங்கர் தலைகள்மேல் பசையில் படுக்கவைத்து, மேலே நெசவுத்துணி ஒரு அடுக்கு. அதற்குமுன் நடுக்கோட்டில் 50 மி.மீ. பாதிக்குழாய் கவிழ்த்து வைக்கப்பட்டது. பழைய படகில் ஃபோம் அடிவரை நிரம்பித் தண்ணீர் பின்னால் ஓட வழியே இல்லாமல் போனதுதான் ஸ்ட்ரிங்கர்களைக் கெடுத்தது. புது ஃபோம் கன மீட்டருக்கு 32 கிலோ அடர்த்தி, மொத்தம் 10 கிலோ. தளத்தில் போட்ட துளைகள் வழியே 300 கிராம் வீதம். ஒரு ஊற்றல் ஒன்பது லிட்டருக்குச் சற்று மேல் உப்பும். மொத்தமாக ஊற்றினால் உப்பும் விசை தளத்தையே தூக்கும். காற்றோட்டம் இல்லாமல் இந்த வேலையில் இறங்கக்கூடாது.

துளைகள்

முந்தைய பழுதுபார்ப்பு தோற்ற இடம் இது என்பதால் இதற்கு முழுதாக இரண்டு நாள் ஒதுக்கப்பட்டது. எஞ்சின் போல்ட் நான்கும் 12.7 மி.மீ. அவற்றுக்கு முதலில் 20 மி.மீ. துளை போட்டு, உள்சுவரில் வெறும் எபாக்ஸி பூசி, கெட்டி எபாக்ஸியால் அடைத்து, இறுகியபின் 13 மி.மீ. துளை போடப்பட்டது. போல்ட் எங்கும் மரத்தைத் தொடவில்லை. நாளை நீர் புகாமல் அடைக்கும் சீலன்ட் தேய்ந்தாலும் நீர் எபாக்ஸிக் குழாயைத்தான் சந்திக்கும். வடிகாலுக்கு 38 மி.மீ. துளை, இரண்டு தவணையாக அடைப்பு, பிறகு 26 மி.மீ. துளை, அதில் பாலியூரித்தேன் சீலன்ட்டோடு பித்தளைக் குழாய். சிலிகான் எங்கும் இல்லை. அது பட்ட இடத்தில் பிறகு பெயின்ட்டோ ரெசினோ ஒட்டாது. டிரான்சத்தின் மேல்விளிம்பு அலுமினியப் பட்டையை நம்பி விடப்படாமல், இரண்டு அடுக்குத் துணியால் மூடப்பட்டது.

சென்சாருக்கு ஸ்க்ரூவே டிரான்சத்தில் இறங்கவில்லை. 12 மி.மீ. முழு ஃபைபர்த் துண்டு ஒன்று வெளித்தோலில் எபாக்ஸியால் ஒட்டப்பட்டது, 9 மி.மீ. ஆழத்துக்குமேல் போகாத ஸ்க்ரூக்கள் அதிலேயே நின்றுவிடும்.

சரிபார்ப்பு

படகை இறக்குமுன் பின்பகுதியில் ஒரு சாண் உயரத்துக்கு நீர் நிரப்பி ஒரு இரவு விடப்பட்டது. வடிகால் குழாயின் வெளிவிளிம்பில் மட்டும் ஒரு துளி. சீலன்ட் நீக்கி மறுபடி வைத்ததும் நின்றது. எஞ்சினை ஏற்றி அதே அழுத்தும் சோதனை செய்தபோது டிரான்சம் அசையவில்லை. பத்து மணிநேர ஓட்டத்துக்குப் பின் நட்டுகளைச் சோதித்ததில் இரண்டு மட்டும் கால்சுற்று இறங்கின. ஒரு பருவம் முடிந்து படகு கரையேறியபோது போல்ட் ஒன்றைக் கழற்றி, துளையின் உள்சுவரை விளக்கடித்துப் பார்த்தார்கள்: விரிசல் இல்லை, ஈரம் இல்லை, சுற்றிலும் எபாக்ஸியின் சாம்பல்நிறம் மட்டும். அதே போல்ட்டைப் புதுச் சீலன்ட்டோடு இறுக்கி, கழற்றிய தேதியை டிரான்சத்தின் உட்புறத்தில் மார்க்கரால் எழுதிவைத்தார்கள்.